குவானக்கில் வாடகைக்கு வீடு எடுக்கும் முன் தோங் பெயரைச் சரிபாருங்கள்

சியோல் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் குவானக் மாவட்டத்தில்தான் அறை தேடுவீர்கள். பதிவு அட்டை, வங்கிக் கணக்கு, சிம் எல்லாம் கேட்டால் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. வீடு மாறினால் 15 நாளுக்குள் புது முகவரியைப் பதிந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் எழுதும் தோங் (மாவட்டத்துக்குள் வரும் சிறு பகுதி) பெயரைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

இங்கே ஒரே தெருவுக்கு இரண்டு தோங் இருக்கும். நிலப் பதிவேட்டில் இருப்பது சட்டத் தோங். குவானக்கில் மொத்தமே 3: போங்சொன், சில்லிம், நாம்ஹியொன். உள்ளூர் அலுவலகங்களுக்காகப் பிரித்தவை நிர்வாகத் தோங், அவை 21. முன்பு இவற்றுக்கு போங்சொன் 1, போங்சொன் 2 என்று எண்தான். மலைச்சரிவு ஏழைக் குடியிருப்பு என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்த இடம் அது. 2008இல் எண்களை எடுத்துவிட்டு நக்சொங்தே, இன்ஹொன் என்று மாற்றினார்கள். இரண்டுமே 1019இல் கித்தான் படையை முறியடித்த தளபதி காங் கம்-சானின் நினைவாக வந்தவை. சில்லிமின் பகுதிகளுக்கு சின்சா, சம்சொங் என்று வைத்ததும், அதே பெயர்களை வைத்திருந்த பணக்கார கங்னம் மாவட்டம் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2009இல் அது எடுபடவில்லை. இத்தனை நடந்தும் நிலப் பதிவேட்டில் பழைய 3 பெயர்கள்தான்.

என் நண்பரின் ஒப்பந்தத்தில் தரகர் நக்சொங்தே-தோங் என்று போட்டு மனை எண்ணை எழுதிவிட்டார். பதிவேட்டு இணையதளத்தில் தேடினால் அந்தத் தோங்கே பட்டியலில் இல்லை. "இன்னும் ஏற்றியிருக்க மாட்டார்கள்" என்றார் தரகர். நண்பரும் நம்பி முன்பணத்தைக் கட்டினார். பிறகு கட்டடம் ஏலத்துக்கு வந்தது. போங்சொன்-தோங் என்று போட்டதும் பதிவேடு திறந்தது. அவர் குடிபோகும் முன்பே வங்கி அடமானம் ஏறியிருந்தது. ஏலப் பணம் முதலில் வங்கிக்குப் போனதால் முன்பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. ஊரில் வில்லங்கம் பார்க்காமல் ஒரு சென்ட் நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுப்போமா? இங்கே அதைப் பார்க்க 700 வோன்தான். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அதனால் தரகரிடம் சாலை முகவரியைக் கேளுங்கள். அதன் கடைசியில் அடைப்புக்குறிக்குள் வருவது சட்டத் தோங். அதைப் போட்டுத் தேடி, 'உல்-கு' பகுதியில் அடமானம் இருக்கிறதா என்று பாருங்கள். கதவில் ஒட்டிய எண்ணும் பதிவேட்டு எண்ணும் வேறாக இருப்பதுண்டு. ஒப்பந்தத்தில் பதிவேட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். அப்புறம், மீதிப் பணம் கட்டும் நாள் காலையில் இன்னொரு முறை பதிவேட்டைத் திறந்து பாருங்கள். இடைப்பட்ட நாளில்கூட வீட்டுக்காரர் கடன் வாங்கியிருக்கலாம்.