சர்க்கரை நோய்க்குத் தேனும் புரோபோலிஸும்: எப்படிப் பயன்படுத்துவது

முதலில் தேன். மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள், சர்க்கரைக் கணக்கில் சேருங்கள். ஒரு தேக்கரண்டித் தேனில் சுமார் 6 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதே கரண்டி வெள்ளைச் சர்க்கரையில் 4 கிராம்தான். கரண்டிக்குக் கரண்டி மாற்றிவிட்டு, "சுத்தமான தேன்தானே, சுகர் ஏன் ஏறுது?" என்று கேட்பவர்கள் சறுக்குவது இங்கேதான். எடுத்தே தீருவதென்றால் ஒரு தேக்கரண்டி, வேறு இனிப்புக்குப் பதிலாக மட்டும்.

கைகொடுக்க வாய்ப்புள்ளது புரோபோலிஸ், அதாவது தேனீக்கள் கூட்டின் இடுக்குகளை அடைக்கும் பிசின். இரண்டாம் வகை நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு குறைந்திருக்கிறது. மாத்திரைக்கு மாற்றாகும் அளவுக்கு அல்ல. பல ஆய்வுகளில் நாளொன்றுக்கு 500 முதல் 1500 மி.கி. வரை, இரண்டு மூன்று மாதங்கள் கொடுத்தார்கள். உங்களுக்கான அளவை மருத்துவர் சொல்லட்டும். சொட்டு மருந்தாக வருவது பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைத்தது, கேப்சூல் நல்லது.

தொடங்கும் முன் ஒரு வாரம் தினமும் காலையில் வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதுங்கள். பிறகு புரோபோலிஸை மட்டும் சேருங்கள். சாப்பாடு, நடை, மாத்திரை எதையும் கூடவே மாற்றினால், எது வேலை செய்தது என்று தெரியாது. எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுவது. இடையில் எடுத்துப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற, இன்சுலின் சுரப்பைக் கூட்டும் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை தெரிந்தால் ஒரு மேசைக்கரண்டித் தேன் (சுமார் 17 கிராம் சர்க்கரை) உடனே குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். தேன் உண்மையில் மருந்தாகும் இடம் இதுதான். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; ஆம்புலன்ஸை அழையுங்கள்.

ஆஸ்துமா, தேனீ ஒவ்வாமை உள்ளவர்கள் ராயல் ஜெல்லி (ராணித் தேனீக்கு ஊட்டப்படும் சுரப்பு), மகரந்தம் பக்கம் போகவே வேண்டாம். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பதிவாகியிருக்கிறது. வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுப்பவர்களுக்கு ராயல் ஜெல்லியால் இரத்தக் கசிவு கூடலாம். உதடு வீங்கினாலோ தோல் தடித்தாலோ உடனே நிறுத்துங்கள்.

காலில் புண் இருந்தால் சமையலறைத் தேனைத் தடவாதீர்கள். அதில் பாக்டீரியா வித்துகள் (ஸ்போர்கள்) உயிரோடு இருக்கலாம். காமா கதிரால் கிருமி நீக்கிய மருத்துவத் தேன் கட்டு தனியாக உண்டு. புண்ணைப் பார்த்த மருத்துவர் சொன்னால் மட்டும் அது.