சந்தனம் சந்தன நிறத்திலேயே தெரிய: கேமராவில் ஒயிட் பேலன்ஸ் அமைக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டு வளைகாப்பு ஒன்றில் நான் எடுத்த படங்களை இன்றும் வைத்திருக்கிறேன். அரக்கு நிறப் பட்டுப்புடவை ஒரு படத்தில் செங்கல் நிறமாகவும் அடுத்த படத்தில் கத்தரிப்பூச் சாயலுடனும் இருக்கிறது. கன்னத்தில் பூசிய சந்தனம் டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்த படங்களில் பச்சை படர்ந்தும், குத்துவிளக்கருகே எடுத்தவற்றில் மஞ்சள்பொடியைப் போலவும் தெரிகிறது. ஃபோகஸிலும் வெளிச்ச அளவிலும் குறையில்லை. எந்த ஒளியில் நின்று படம் எடுக்கிறேன் என்பதைக் கேமராவுக்கு நான் சொல்லாமல் விட்டதுதான் குறை. அதைச் சொல்வதற்கான அமைப்பே ஒயிட் பேலன்ஸ். வெண்சமநிலை என்றும் எழுதுவார்கள். கேமராவை இப்போதுதான் கையில் எடுத்தவர்களும் ஒரே மாலையில் இதைப் பழகிவிடலாம். ஒருபுறம் ஜன்னல், மேலே டியூப்லைட், நடுவில் குத்துவிளக்கு என்றிருந்த அந்த வளைகாப்பு வீட்டு முன்னறையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு விளக்குகிறேன்.

ஒளியின் நிறம்

வெள்ளைத் துண்டு ஒன்றை வெயிலில் பார்த்தாலும் குண்டு பல்பின் கீழ் பார்த்தாலும் அது நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. உண்மையில் பல்பின் கீழ் அந்தத் துண்டிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி. நம் கண்ணும் மூளையும் சேர்ந்து, நாம் அறியாமலேயே அந்த மிகுதியைக் கழித்துவிடுகின்றன. கேமராவின் சென்சாருக்கு அப்படிப்பட்ட பழக்கம் இல்லை. தன்மீது விழுந்த சிவப்பு, பச்சை, நீல ஒளியின் அளவுகளை அது குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பிறகு சிவப்பையும் நீலத்தையும் எத்தனை மடங்கு கூட்டினால் வெள்ளைப்பொருள் வெள்ளையாகும் என்று கணக்கிட்டுப் பெருக்குவதே ஒயிட் பேலன்ஸ் செய்யும் வேலை.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் குறிக்கிறார்கள். கொல்லனின் உலையில் இரும்பு காய்வதை நினைத்துப் பாருங்கள்: முதலில் மங்கிய சிவப்பு, பிறகு செம்மஞ்சள், இன்னும் காய்ந்தால் வெளிர்மஞ்சள், அதற்கும் மேலே வெண்மை. அதையும் தாண்டிச் சூடேற்ற முடிந்தால் நீலச்சாயல் ஏறும். எனவே எண் சிறியதாக இருந்தால் ஒளி சிவந்தது என்றும், பெரியதாக இருந்தால் நீலம் கலந்தது என்றும் கொள்ளவேண்டும். மெழுகுவத்தி, எண்ணெய் விளக்கு ஆகியவற்றின் சுடர் ஏறக்குறைய 1900 கெல்வின். குண்டு பல்பு 2700 முதல் 2900. உச்சி வெயில் 5200 முதல் 5500. மேகம் மூடிய வானம் 6000 முதல் 6500. மர நிழலிலும் கட்டட நிழலிலும் நேர்வெயில் விழாமல் நீல வானத்தின் ஒளி மட்டுமே விழுவதால், அங்கே 7000, 8000 வரை போகும். நிழலில் எடுத்த முகங்கள் சோகை பிடித்தாற்போல் நீலம் பூத்துத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

டியூப்லைட்டைக் கெல்வின் எண்ணால் மட்டும் சொல்லி முடிக்க முடியாது. அது காய்ந்து ஒளிர்வதில்லை. குழாயின் உட்புறம் பூசிய பொடி ஒளிர்கிறது. அந்த ஒளியில் பச்சை சற்றுத் தூக்கலாக இருக்கும். ஆகையால் சரிசெய்யும்போது நீலம், மஞ்சள் என்ற ஒரு திசையோடு, பச்சை, மெஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு) என்ற இன்னொரு திசையும் தேவைப்படுகிறது.

முதல் படி: கேமராவைத் தயார் செய்தல்

மேலே உள்ள சுழல்திருகி முழு ஆட்டோவில் இருந்தால் பெரும்பாலான கேமராக்களில் ஒயிட் பேலன்ஸை மாற்றவே முடியாது. மெனுவில் அந்தப் பகுதி மங்கலாகத் தெரிவதைப் பார்த்து, கேமரா பழுது என்று நினைத்துவிட வேண்டாம். திருகியைப் பி என்ற எழுத்துக்கு மாற்றினால் போதும்; மற்றவற்றைக் கேமராவே பார்த்துக்கொள்ளும், ஒயிட் பேலன்ஸ் மட்டும் உங்கள் கைக்கு வரும்.

அடுத்து, படத்தின் தரம் என்ற பகுதியில் ரா, ஜேபெக் என்ற இரு கோப்பு வகைகளும் சேர்ந்து பதிவாகும்படி வையுங்கள். ஜேபெக்கில் நிறக்கணக்கு படத்தோடு கலந்து உறைந்துவிடும். ரா கோப்பிலோ சென்சார் கண்ட அளவுகள் அப்படியே இருக்கும். ஒயிட் பேலன்ஸ் ஒரு குறிப்பாக மட்டும் உடன் வரும். அதனால் தவறாக வைத்திருந்தாலும் கணினியில் தரம் குறையாமல் மாற்றிக்கொள்ளலாம். அப்படியானால் எடுக்கும்போது எதற்குக் கவலை என்று பலர் கேட்கிறார்கள். முந்நூறு படங்களை உட்கார்ந்து திருத்தும்போது அந்தச் சந்தனம் உண்மையில் எந்த நிறத்தில் இருந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது. நிறத்தை நிகழ்விடத்திலேயே பிடித்து வைக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

இரண்டாம் படி: ஒரே பொருளை எல்லா அமைப்பிலும் எடுத்துப் பார்த்தல்

பகலில் ஜன்னலருகே ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை வைத்து, அதில் ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு தக்காளியும் வையுங்கள். கேமராவில் டபிள்யூபி என்று பொறித்த பட்டனை அழுத்தினால் வரிசையாகச் சின்னங்கள் வரும். பட்டன் இல்லாத கேமராவில் மெனுவுக்குள் இருக்கும். சூரியன், நிழல் தரும் வீடு, மேகம், பல்பு, குழல்விளக்கு, மின்னல் ஆகிய சின்னங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு படம் எடுங்கள்.

பல்பு அமைப்பில் எடுத்த படம் நீலத்தில் தோய்ந்திருக்கும். நிழல் அமைப்பில் எடுத்தது மஞ்சள் பாய்ந்திருக்கும். தொடக்கத்தில் எல்லோரும் குழம்பும் இடம் இது. நிழலின் ஒளி நீலம் என்றால் நிழல் அமைப்பு ஏன் படத்தை மஞ்சளாக்குகிறது? நீங்கள் கேமராவிடம் சொல்வது படம் எப்படி இருக்கவேண்டும் என்பதை அல்ல, விழும் ஒளி எப்படி இருக்கிறது என்பதை. "இங்கே நீலம் அதிகம்" என்று சொன்னால், அது மஞ்சளைக் கூட்டி ஈடுசெய்கிறது. இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் கெல்வின் எண்ணை நேரடியாக வைப்பதும் எளிதாகிவிடும்: படம் அதிகமாகச் சிவந்து மஞ்சளித்தால் எண்ணைக் குறையுங்கள், நீலம் பூத்தால் எண்ணைக் கூட்டுங்கள். கே என்ற எழுத்துள்ள அமைப்பில் பெரும்பாலும் 2500 முதல் 10000 வரை வைக்கலாம். ஆனால் சிறிய எண்களில் மாற்றம் பெரிதாகத் தெரியும். 2500-ஐ 3000 ஆக்கினால் படமே மாறிவிடும், 6000-ஐ 6500 ஆக்கினால் உற்றுப்பார்த்தால்தான் தெரியும். எனவே குறைந்த எண்களில் நூறு நூறாகவும், அதிக எண்களில் ஐந்நூறு ஐந்நூறாகவும் நகர்த்துங்கள்.

ஆட்டோவை எப்போது நம்பலாம்

திறந்தவெளியில், பல நிறங்கள் கலந்த காட்சியில் ஆட்டோ நன்றாகவே வேலை செய்யும். காட்சியில் உள்ள நிறங்களைப் பார்த்து ஒளியை ஊகிப்பதே அதன் வழி. ஒரே நிறம் படச் சட்டத்தை நிறைத்தால் ஊகம் பிசகும். நடவு முடிந்து பச்சை பிடித்த வயலின் நடுவே ஒருவரை நிறுத்தி எடுத்தால், பச்சை மிகுதியை ஒளியின் குற்றம் என்று எண்ணிக்கொண்டு கேமரா மெஜந்தாவைக் கூட்டிவிடக்கூடும்; முகம் சிவந்துபோகும். வளைகாப்பிலும் அதுதான் நடந்தது. புடவை சட்டத்தை நிறைத்தபோது ஒரு நிறம், பின்சுவர் நிறைத்தபோது வேறு நிறம். ஒரே இடத்தில் தொடர்ந்து எடுக்கும்போது படத்துக்குப் படம் நிறம் தாவாமல் இருக்க, ஆட்டோவை விட்டு ஏதேனும் ஒரு நிலையான அமைப்புக்குப் போய்விடுவதே நல்லது.

மூன்றாம் படி: அந்த இடத்து ஒளியை அளந்து வைத்தல்

எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். ஆயத்த சின்னங்களைவிட இதையே பழகச் சொல்வேன். கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் என்று இதற்குப் பெயர். நிறச்சாயல் இல்லாத ஒரு பொருளைக் கேமராவுக்குக் காட்டி, அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

அந்தப் பொருள் எது என்பதில் கவனம் வேண்டும். நம் வீடுகளில் வெள்ளை என்றதும் வேட்டியைத்தான் எடுப்போம். நீலம் போட்டுத் துவைத்த வேட்டியில் நீலச்சாயல் இருக்கிறது. சலவைத் தூளில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகளோ, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடுகின்றன. அச்சுத்தாளிலும் இதே வெண்மையூட்டிகள் உண்டு. இவற்றை அளவுகோலாக்கினால், பொருளில் உள்ள நீலத்தை ஒளியில் உள்ளதாக எண்ணிக் கேமரா கழித்துவிடும். படம் முழுதும் மஞ்சளிக்கும். கேமரா கடைகளில் கிரே கார்டு என்று கேட்டால் சாம்பல் நிற அட்டை கிடைக்கும். அதை வாங்கிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையைப் பிடிக்கும் இடம் முக்கியம். நீங்கள் நிற்கும் இடத்தில் அல்ல, படம் எடுக்கப்படுபவரின் முகம் இருக்கும் இடத்தில், முகத்தில் விழும் ஒளியே அட்டையிலும் விழும்படி பிடிக்கவேண்டும். வளைகாப்புப் பெண்ணையே முகத்துக்கு முன் ஒரு நொடி பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. பளிச்சென்ற சிவப்புச் சட்டையோடு மிக அருகில் நின்றால் அந்தச் சிவப்பும் அட்டையில் தெறிக்கும். வெறும் அட்டையில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறினால் மேனுவலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மங்கலாக இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் வெளிச்சம் கூடிவிடக்கூடாது. அட்டை வெளுத்துப்போனால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சத்தில் முட்டி நின்றுவிடும். அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு தெரியாமல் கணக்கு தவறாகும். வெள்ளையைவிடச் சாம்பல் நிறம் வசதி என்பது இதனால்தான்.

இனி கேமராவுக்குக் கேமரா முறை சற்று மாறும். கேனனில் முதலில் அட்டையை ஒரு படமாக எடுத்துவிட்டு, மெனுவில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் பகுதிக்குப் போய் அந்தப் படத்தைத் தேர்ந்து செட் பட்டனை அழுத்தவேண்டும். அதோடு வேலை முடியவில்லை: ஒயிட் பேலன்ஸ் வரிசைக்குத் திரும்பி, இரு முக்கோணங்களுக்கு நடுவே சதுரம் உள்ள சின்னத்தையும் தேர்ந்தெடுக்கவேண்டும். இந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டு, அளந்தும் நிறம் மாறவில்லையே என்று திகைப்பவர்கள் பலர். நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் டபிள்யூபி பட்டனைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றி பிஆர்இ என்பதற்கு வந்து, பட்டனை விட்டு, மீண்டும் அது மின்னும்வரை அழுத்திப் பிடித்து, மின்னிக்கொண்டிருக்கும்போதே அட்டையைப் பார்த்து ஷட்டரை அழுத்தினால் அளவு பதிவாகும். சரியாக அமைந்ததா இல்லையா என்று திரையே சொல்லிவிடும். சோனியில் கஸ்டம் செட் என்பதைத் தேர்ந்து, திரையின் நடுவில் தோன்றும் வட்டத்துக்குள் அட்டை அடங்கும்படி வைத்து அழுத்தினால் போதும்.

அட்டையே இல்லாத நேரத்தில் வெள்ளைப் பீங்கான் தட்டு ஓரளவு கைகொடுக்கும்.

நான்காம் படி: மிச்சமிருக்கும் சாயலை நகர்த்துதல்

டியூப்லைட்டின் பச்சை சிறிது தங்கிவிட்டால், ஒயிட் பேலன்ஸ் ஷிப்ட் என்ற பகுதியில் சிறிய கட்டப்படம் ஒன்று இருக்கும். குறுக்குவாட்டில் நீலமும் மஞ்சளும், நெடுவாட்டில் பச்சையும் மெஜந்தாவும். நடுப்புள்ளியை மெஜந்தா பக்கம் ஒன்றிரண்டு கட்டங்கள் நகர்த்திப் பாருங்கள். தோலின் நிறத்தைத் திரையில் உற்றுநோக்குவதைவிட உள்ளங்கையையோ கண்ணாடி வளையலின் பச்சையையோ நேரிலும் திரையிலும் ஒப்பிடுவது எளிது. டியூப்லைட்டில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பழைய சோக் வைத்த குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/100 நொடியைவிட மிகவும் விரைவானால், அமைப்பை மாற்றாமலே படத்துக்குப் படம் நிறம் மாறும். அங்கே திருகியை ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் நிலைக்கு மாற்றி, 1/50 அல்லது 1/100-இல் வைத்துக்கொள்ளுங்கள்.

பல விளக்குகள் ஒன்றாக எரியும்போது

ஜன்னல், டியூப்லைட், குத்துவிளக்கு மூன்றையும் ஒரே எண்ணால் சரிசெய்ய எந்தக் கேமராவாலும் முடியாது. முகத்தில் எந்த ஒளி அதிகம் விழுகிறதோ அதற்கு அமையுங்கள். மற்றவை அவற்றின் போக்கில் இருக்கட்டும். அதைவிட நல்ல வழி விளக்கையே குறைப்பது. வீட்டாரிடம் கேட்டு டியூப்லைட்டை அணைத்துவிட்டு, மணையை ஜன்னல் பக்கம் சற்றுத் திருப்பிப் போட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. மஞ்சள் விளக்குகள் எரியும் மண்டபத்தில் ஃப்ளாஷ் போடவேண்டியிருந்தால், அதன் முகப்பில் ஆரஞ்சு நிற ஜெலட்டின் தாளை ஒட்டுங்கள். ஃப்ளாஷின் ஒளியும் பல்பின் நிறத்துக்கு இறங்கி வரும், பிறகு பல்பு அமைப்பு ஒன்றே இரண்டுக்கும் பொருந்தும்.

மலிவான எல்இடி விளக்குகள் சிலவற்றில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. இல்லாத நிறத்தைப் பெருக்கிக் கொண்டுவர முடியாது. அங்கே அரக்குப் புடவை எப்படியும் மங்கும். விளக்கு வாங்கும்போது, நிறங்களை அது எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 90-க்கு மேல் உள்ளதா என்று பார்த்து வாங்குவதுதான் அதற்கு மருந்து.

குத்துவிளக்கின் ஒளியில் மட்டும் எடுக்கும் படத்தை நான் வெள்ளையாக்குவதே இல்லை. சுடரின் 1900-க்கு ஈடுசெய்யப் போனால் முகம் வெளிறி, விளக்கு விளக்காகவே தெரியாது. 3200 அளவில் வைத்து அந்தப் பொன்னிறத்தைத் தங்க விடுங்கள். அந்தி வெயிலுக்கு 5200-ஐ மாற்றாமல் வைப்பதும் இதே காரணத்துக்காக. நிறம் சரியாக இருக்கவேண்டும் என்பதற்கு, அங்கே இருந்தவர் கண்ட நிறம் கெடாமல் இருக்கவேண்டும் என்றே நான் பொருள்கொள்கிறேன்.

கடைசிப் படி

அளந்து வைத்த அமைப்பு கேமராவை அணைத்தாலும் மாறாது. இரவு மண்டபத்தில் பல்புக்கு அமைத்ததை மறந்து, மறுநாள் காலை கோயில் வாசலில் நாற்பது படங்களை நீலமாக எடுத்திருக்கிறேன். அன்று ராவில் பதிவு செய்யவில்லை. ஆகவே இடம் மாறும்போதும், விளக்கு ஏதேனும் ஏற்றப்பட்டாலோ அணைக்கப்பட்டாலோ, அட்டையை எடுத்து மீண்டும் அளந்துவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்து பையை மூடும் முன் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவுக்குத் திருப்பி வைத்துவிடுங்கள்.