நேர்காணலும் குழு உரையாடலும்: கேள்வி தயாரிப்பதிலிருந்து கருப்பொருள் வரை

தமிழ்நாட்டில் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் பயணம் செய்யும் திட்டம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. அந்தப் பணம் வீட்டில் யார் கைக்குப் போகிறது? முன்பு போகாத எந்த இடத்துக்கு இப்போது போகிறார்கள்? இதெல்லாம் உட்கார்ந்து பேசினால்தான் தெரியும். முதல்முறையாக அப்படிப் பேசி ஆய்வு செய்யப்போகும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தத் திட்டத்தையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

1. ஆய்வுக் கேள்வியைச் சுருக்குங்கள்

‘இலவசப் பயணம் பெண்களின் வாழ்க்கையை மாற்றியதா?’ என்பது ரொம்பப் பெரிய கேள்வி. ‘வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், மிச்சமான பஸ் காசை என்ன செய்கிறார்கள், அதை யார் முடிவு செய்கிறார்கள்?’ என்று கேட்டால் யாரிடம் போவது, எதைக் கேட்பது என்பது உடனே தெளிவாகிவிடும்.

2. தனியாகவா, குழுவாகவா?

வீட்டுப் பணம், கணவர், கடன் பற்றியெல்லாம் தனி நேர்காணலில்தான் கேட்க வேண்டும். பத்துப் பேர் நடுவில் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். பஸ் வரும் நேரம், நிறுத்தத்தில் நிற்காமல் போவது, நடத்துநர் பேசும் விதம் போன்றவற்றுக்குக் குழு நல்லது. ஒருவர் தொடங்கினால் இன்னொருவர் “எங்க ஊர்ல அப்படி இல்லக்கா” என்று மறுப்பார். அந்த மறுப்புதான் குழு உரையாடலின் பலன்.

குழுவில் 6 முதல் 8 பேர் போதும். மாமியாரையும் மருமகளையும், மேஸ்திரியையும் அவரிடம் வேலை பார்ப்பவரையும் ஒரே குழுவில் உட்கார வைக்காதீர்கள்.

எத்தனை நேர்காணல் வேண்டும்? கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை அலசி 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே பெரும்பாலான விஷயங்கள் வந்துவிட்டன. ஒரே மாதிரிப் பின்னணி உள்ளவர்களிடம் குறுகலான கேள்வியோடு போனால் இது நல்ல தொடக்கக் கணக்கு. விவசாயக் கூலிகள், கல்லூரி மாணவிகள், முதியவர்கள் என்று விரித்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும்.

3. கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்

மொத்த ஆய்வும் நிற்பது இந்தப் படியில்தான். “இந்தத் திட்டம் உங்களுக்குப் பயனுள்ளதா?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருக்கு” என்ற பதிலோடு பேச்சு முடியும். நீங்கள் அரசாங்கத்திலிருந்து வந்தவரோ என்ற சந்தேகம் இருந்தால், குறையே வெளியில் வராது. மாறாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“நேத்து காலையில வீட்டுல இருந்து கிளம்பினதுல இருந்து சொல்லுங்கக்கா.”
“முன்னாடி எல்லாம் நடந்தே போன இடம் ஏதாவது இருக்கா? இப்ப எப்படிப் போறீங்க?”
“கடைசியா எப்போ பஸ்ஸை விட்டுட்டு ஷேர் ஆட்டோவுல போனீங்க? அன்னிக்கு என்ன ஆச்சு?”

நடந்ததைச் சொல்லும்போது நேரம், காசு, கூட இருந்தவர்கள், கோபம் எல்லாம் தானாக வரும். ‘ஏன்’ என்று நேராகக் கேட்டால் பலருக்கு விசாரணை போலத் தோன்றும். “அப்புறம் என்ன பண்ணீங்க?” என்பது அதே வேலையைச் செய்துவிடும். முக்கியக் கேள்விகள் ஏழெட்டு இருந்தால் ஒரு மணி நேரத்துக்குப் போதும். ஒருவரிடம் சோதித்துப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.

4. பேசும் நாள்

யார் நீங்கள், எதற்காகக் கேட்கிறீர்கள், பதிவை யார் கேட்பார்கள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதைப் பேச்சுத் தமிழில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்யலாம், உங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழு அதை ஏற்றால்.

நடுவில் கணவர் வந்து உட்கார்ந்தால் பணம் பற்றிய கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டுப் பஸ் நேரம் பற்றிக் கேளுங்கள். குழு உரையாடலுக்கு இரண்டு பேர் போங்கள். ஒருவர் பேச்சை நடத்தட்டும், மற்றவர் யார் எங்கே உட்கார்ந்தார், யார் தலையை மட்டும் ஆட்டினார் என்று குறிக்கட்டும். ஒலிப்பதிவில் இது எதுவும் இருக்காது.

பதில் சொல்பவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் நான்கைந்து விநாடி பொறுத்திருங்கள். முக்கியமானது பெரும்பாலும் அதற்குப் பிறகு வரும்.

5. கேட்டு எழுதுதல்

ஒரு மணி நேரப் பதிவை எழுதி முடிக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். குழுப் பேச்சுக்கு இன்னும் கூடுதல். பேசியபடியே எழுதுங்கள், தூய தமிழுக்கு மாற்றாதீர்கள். பெயர், தெரு, வேலை செய்யும் வீடு எல்லாவற்றையும் நீக்கி, நான்காவது நேர்காணலுக்கு ‘நே-4’, இரண்டாவது குழுவுக்கு ‘கு-2’ என்பது போல எண் கொடுங்கள்.

6. குறியிடுதல்

ஒருவர் சொன்ன வரியின் பொருளை இரண்டு மூன்று சொல்லில் பக்கத்தில் எழுதிவைப்பதுதான் குறியிடுதல். ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “காசு குடுத்துப் போனப்போ உக்கார இடம் இருக்கான்னு கேப்பேன். இப்ப கேக்க வாய் வரல.” இதற்கு ‘பேருந்து வசதி’ என்று குறியிட்டால் அந்தப் பெண் சொன்னது காணாமல் போகும். ‘கேக்க வாய் வரல’ என்று அவர் சொல்லையே குறியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பதிவுகளை வரிவரியாகக் குறியிட்ட பிறகு, ஒரே பொருள் தரும் குறிகளைச் சேருங்கள். எக்செல் போதும். இலவசமாக மென்பொருள் வேண்டும் என்றால் டாகெட் இருக்கிறது. முடிந்தால் நண்பர் ஒருவர் அதே பக்கங்களைத் தனியாகக் குறியிடட்டும். இருவரும் எங்கே வேறுபடுகிறீர்கள் என்று பேசும்போதுதான் குறிகள் கூர்மையாகும்.

7. கருப்பொருள்

சேர்த்த குறிகள் ஒன்றாகச் சொல்லும் கருத்துதான் கருப்பொருள். ‘பணம்’ என்பது தலைப்பு மட்டுமே. ‘மிச்சமான காசு வீட்டுக் கணக்கில் வராததால், அதைப் பெண் தன் முடிவில் செலவிட முடிகிறது’ என்பது கருப்பொருள். அது ஒரு வாக்கியமாக, யாராவது மறுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எழுதியதும் அதற்கு எதிரான ஆளைப் பதிவுகளில் தேடுங்கள். மிச்சத்தைக் கணவரிடம் கொடுத்துவிடும் ஒருவர் இருந்தால், ஏன் என்று பார்த்து வாக்கியத்தைத் திருத்துங்கள்.

குழு உரையாடலிலிருந்து ‘8 பேரில் 6 பேர் ஒப்புக்கொண்டனர்’ என்று எழுத வேண்டாம். பேசாதவர் ஒப்புக்கொண்டவர் அல்ல. யார் சொன்னபோது யார் மறுத்தார், பேச்சு எங்கே திரும்பியது என்று எழுதுங்கள். ஒவ்வொரு மேற்கோளுக்கும் பக்கத்தில் நே-4, கு-2 என்ற எண்ணைப் போடுங்கள். எல்லா மேற்கோளும் நே-4-லிருந்தே வந்திருந்தால், மற்றவர்களின் பதிவுகளைத் திரும்ப எடுத்துப் படிக்க வேண்டிய நேரம் அது.