தத்தெடுத்த நாயின் பிரிவுப் பதற்றத்துக்கு மருந்து: என் அனுபவம்

சிங்கப்பூரின் யீஷூன் பகுதி அடுக்குமாடி வீட்டில் நாங்கள் தத்தெடுத்து வளர்க்கும் கலப்பின நாய், நாங்கள் வேலைக்குக் கிளம்பியதுமே ஊளையிட்டுக் கதவு நிலையைப் பிறாண்டும்; தனியே விடப்படும்போது வரும் இந்தத் தவிப்புதான் பிரிவுப் பதற்றம். எதிர்வீட்டு அக்கா அனுப்பிய காணொளியில் நாய் எச்சில் வழிய மூச்சிரைத்து நின்றதைப் பார்த்ததும் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

ரத்தப் பரிசோதனைக்குப் பின் அவர் ஃப்ளூவாக்செட்டின் மாத்திரையை நாளுக்கு ஒரு வேளை கொடுக்கச் சொன்னார். மூளையில் மனநிலையைச் சீராக்க உதவும் செரடோனின் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டைக் கூட்டும் இம்மருந்து பலன் தருவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும் என்பதால், இடைப்பட்ட காலத்தில் தனியே விட நேர்ந்த நாள்களில் மட்டும், அவர் குறித்த அளவில், கிளம்புவதற்கு ஏறத்தாழ 2 மணி நேரம் முன்பு பதற்றத்தைத் தணிக்கும் டிராசடோன் என்ற மருந்தும் கொடுத்தோம். தொடக்கத்தில் பசி மந்தமானதால், வேகவைத்த கோழிக்குள் மாத்திரையைப் பொதிந்து ஊட்ட வேண்டியிருந்தது.

பதற்றம் தணியத் தொடங்கியதும், தனியே இருக்கப் பழக்கும் பயிற்சி பிடிபட்டது: சாவியைக் குலுக்கிவிட்டு மீண்டும் உட்காருவது, மின்தூக்கி வரை போய்த் திரும்புவது எனச் சில நொடிகளில் ஆரம்பித்து, அது அமைதியாக இருந்தால் மட்டுமே நேரத்தை நீட்டினோம். அலுப்பூட்டும் வேலைதான். இப்போது அரைநாள் தனியே தூங்குகிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தக்கூடாது என்பதால், மருத்துவர் சொல்லும்போது படிப்படியாகக் குறைப்போம்.