உதட்டுக் கொப்புளத்திற்குப் பற்பசைதான் காரணமா என்று கண்டறிவது எப்படி?

கச்சான் என்னும் வரண்ட காற்று வீசத் தொடங்கினால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவருக்கு உதட்டோரத்தில் கொப்புளம் பொரிந்துவிடும். அம்மம்மா இருந்தவரைக்கும், இரவில் சிலந்தி ஊர்ந்துவிட்டது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இப்போது அந்தப் பழி புதிதாக வாங்கிய பற்பசையின் மீது விழுகிறது. சிலந்தியை விடுவிப்பது எளிது. பற்பசையின் மீது குற்றம் உண்டா இல்லையா என்று முடிவு செய்வதற்குத்தான் சற்றுப் பொறுமையான விசாரணை வேண்டும்.

முதலில் நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, வந்திருப்பது எந்தப் புண் என்று பாருங்கள். உதட்டின் சிவப்பும் முகத்தின் தோலும் சந்திக்கும் எல்லையில், ஒரு நாள் முன்னதாகவே குறுகுறுப்பும் எரிவும் காட்டி, பிறகு நீர் கோத்த சிறு கொப்புளங்களாகக் கூட்டமாக எழும்பி, உடைந்து, தேன் நிறத்தில் பொருக்குக் கட்டி, ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் ஆறுமாயின் அது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரசினால் வருவது. இந்த வைரஸ் பெரும்பாலும் சிறு வயதிலேயே உடலுக்குள் புகுந்து, முகத்திற்கு உணர்வு கொடுக்கும் நரம்பின் முடிச்சில் ஆயுள் முழுவதும் உறங்கிக்கிடக்கும். 50 வயதிற்கு உட்பட்ட உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு இது உண்டு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஆகவே, எந்தப் பற்பசையும் இந்த நோயை உண்டாக்குவதில்லை. உறங்கும் வைரசை அது எழுப்புகிறதா என்பதுதான் கேள்வி.

கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் அடியிலோ, வெண்மஞ்சள் நிறக் குழியும் சுற்றிலும் சிவந்த விளிம்புமாக வரும் வாய்ப்புண் வேறு. அது வைரசினால் வருவதன்று, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமன்று. வாயின் இரு கடைகளிலும் வெடிப்பாக வருவதற்குப் பூஞ்சைத் தொற்றோ இரும்புச்சத்துக் குறைவோ காரணமாகலாம். உதடு முழுவதும் வரண்டு உரிந்து, சுற்றியுள்ள தோலும் சிவந்து அரித்தால் அது ஒவ்வாமையாகவோ உறுத்தலாகவோ இருக்கக்கூடும்.

பற்பசையின் மீது சந்தேகம் கொள்ள உண்மையான நியாயம் இருப்பது வாய்ப்புண்ணிலும், கடைசியாகச் சொன்ன உதட்டு அழற்சியிலும்தான். நுரை வருவதற்காகச் சேர்க்கப்படும் சோடியம் லோரைல் சல்பேட், வாயின் உட்தோலைக் காக்கும் வழுவழுப்பான படலத்தைக் கரைக்கக்கூடியது. 1990களில் நோர்வேயில் நடந்த ஆய்வுகளில், அது இல்லாத பற்பசைக்கு மாறியவர்களுக்கு வாய்ப்புண் குறைந்தது; பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை. உதட்டுக் கொப்புளத்திற்கு அந்த அளவுச் சான்றுகூட இல்லை. எனினும் உதட்டில் ஏற்படும் காயம் இந்த வைரசை எழுப்பும் என்பது தெரிந்த விடயம் என்பதால், பற்பசையால் புண்பட்டு வெடித்த உதடு கொப்புளத்திற்கு இடம் கொடுக்கலாம் என்ற ஐயத்தை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. நுரைப்பொருள் மட்டுமன்றி, சுவைக்காகச் சேர்க்கும் கறுவா, புதினா, மெந்தோல், கராம்பு எண்ணெய் ஆகியவையும் சிலரின் உதட்டிற்கு ஒத்துக்கொள்வதில்லை.

பரிசோதிக்க விரும்பினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் உள்ள பட்டியலில் சோடியம் லோரைல் சல்பேட் இல்லாததாகவும், சுவை குறைந்ததாகவும், புளோரைட் உள்ளதாகவும் ஒரு பற்பசையைத் தெரிந்தெடுங்கள். பெரியவர்களுக்குப் புளோரைட்டின் அளவு மில்லியனுக்கு 1000 முதல் 1500 பங்கு வரை இருக்க வேண்டும். உதட்டைக் காப்பாற்றப் போய்ப் பல்லைச் சூத்தைக்குக் கொடுத்துவிடக் கூடாது. உமிக்கரிக்கும் உப்புக்கும் திரும்புவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், உரசிப் புண்ணாக்க அவையே போதும்.

பலரும் பிழை விடுவது கால அளவில்தான். கொப்புளம் வந்தவுடன் பற்பசையை மாற்றுகிறார்கள். பத்து நாளில் அது தானாகவே ஆறுகிறது. புகழ் புதுப் பற்பசைக்குப் போகிறது. மாதந்தோறும் வாய்ப்புண் வருபவர் மூன்று மாதம் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் உதட்டுக் கொப்புளம் வருபவருக்கோ ஓராண்டாவது குறிப்பு வேண்டும். சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும்: குறுகுறுப்புத் தொடங்கிய நாள், அதற்கு முந்திய வாரத்தில் காய்ச்சல், நித்திரைக் குறைவு, மனவுளைச்சல், மாதவிடாய், பல் பிடுங்கியது, வெயிலில் நின்றது ஆகியவற்றை அந்தந்தக் கட்டத்தில் குறித்துவையுங்கள்.

வெயிலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் சூரியனின் புறஊதாக் கதிர் இந்த வைரசை எழுப்புவதாக நன்கு நிறுவப்பட்ட காரணங்களில் ஒன்று. வெள்ளாமை வெட்டுக்குப் போய் நாள் முழுவதும் வயலில் நின்றவரோ, வாவியில் தோணியில் இருந்தவரோ, பிள்ளைகளோடு பாசிக்குடாக் கடலில் பகல் முழுவதும் குளித்தவரோ, அதே வாரத்தில் கடையில் வாங்கிய பற்பசையைக் குறை சொல்வதற்கு முன் நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது. தொப்பியும், வெயில் தடுப்புள்ள உதட்டுக் களிம்பும் பற்பசை மாற்றத்தைவிடக் கூடுதலாக உதவக்கூடும்.

பல் துலக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. எங்கள் மாமா பிரஷைக் கடைவாயில் கடித்தபடியே கிணற்றில் தண்ணீர் அள்ளி, வாழைக்கு ஊற்றி, படலையில் நிற்பவரோடு இரண்டு கதையும் கதைத்து முடிப்பதற்குள் நுரை கீழுதட்டில் வழிந்து, வெள்ளைக் கோடாகக் காய்ந்துவிடும். இரண்டு நிமிடம் துலக்கி, துப்பி, உதட்டையும் அதன் ஓரத்தையும் ஈரத் துணியால் ஒற்றித் துடைத்தால் போதும். உதடு ஏற்கனவே வரண்டிருந்தால் துலக்குவதற்கு முன் சிறிது வாசலின் பூசிக்கொள்ளலாம்.

கொப்புளம் வந்துவிட்டால் அதன்மேல் பற்பசை தடவும் வழக்கத்தை விடுங்கள். அது எரிவைத்தான் கூட்டும். குறுகுறுப்பு உணர்ந்த உடனேயே 5 சதவீத அசைக்ளோவிர் கிறீமை நாளுக்கு ஐந்து தடவை பூசத் தொடங்கினால் ஆறும் காலம் சற்றுக் குறையலாம். பொருக்குக் கட்டிய பின் பூசுவதால் பெரிய பயன் இல்லை. பூசும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள், குவளையையும் துவாயையும் பிறருக்குக் கொடாதீர்கள், ஆறும்வரை கைக்குழந்தையைக் கொஞ்சவே கொஞ்சாதீர்கள். பிறந்த குழந்தைக்கு இந்தத் தொற்று உயிராபத்தாகலாம். ஆறிய பின் பிரஷை மாற்றிவிடுங்கள்.

கண் சிவந்து நொந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத கொப்புளத்தையும், அடிக்கடி திரும்பி வருவதையும் காட்டுங்கள்; அதற்கு மாத்திரைகள் உண்டு. வெற்றிலை போடுபவருக்கு வாய்க்குள் வந்த புண்ணோ வெள்ளைப் படையோ மூன்று வாரம் தாண்டியும் இருந்தால் பற்பசையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் இருப்பதால், அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவில் வாயைத் திறந்து காட்டுவதே அவர் செய்ய வேண்டியது.