குடிசைப் பகுதிகளை வரைபடத்தில் படிக்கும்போது நேரும் தவறுகள்

பெருநகரத்தில் குடிசைப் பகுதி எங்கே இருக்கும் என்று கேட்டால், பலரும் ஊரின் ஓரத்தைக் காட்டுவார்கள். முதல் சறுக்கல் அதுதான். மும்பையின் தாராவி ஒரு காலத்தில் ஓரத்துச் சதுப்பு நிலம். நகரம் வடக்கே வளர்ந்து அதைத் தாண்டிப் போய்விட்டது; இன்று அது பாந்த்ரா-குர்லா வணிக வளாகத்துக்குப் பக்கத்தில், ரயில் பாதைகளுக்கு நடுவே கிடக்கிறது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் மலைச்சரிவு, நைஜீரியாவின் லாகோஸ் நகரத்து மக்கோகோவில் காயல் தண்ணீர். மற்றவர்கள் கட்டத் தயங்கிய நிலமும் பிழைப்பும் எங்கே பக்கத்தில் பக்கத்தில் அமைகின்றனவோ, அங்கே தேடுங்கள். 'குடிசை' என்ற பேச்சுவழக்கையும் அப்படியே நம்ப வேண்டாம்: ரியோவில் பெரும்பாலும் செங்கல், கான்கிரீட் வீடுகள்தான்.

இதைவிடப் பெரிய தவறு, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவிட்டு "தாறுமாறாக இருக்கிறது" என்று எழுதிவிடுவது. மேலிருந்து தெரிவது கூரை மட்டுமே. தாராவியின் கும்பார்வாடாவுக்குள் போய்ப் பாருங்கள். குயவர் வீடுகளுக்கு நடுவே பொது முற்றம், அதில் சூளை. வனைந்த பானைகள் வாசலிலேயே காய்கின்றன. படத்தில் வீணான இடைவெளியாகத் தெரிவது அவர்களின் பட்டறை. அதை நிரப்பி அடுக்குமாடி வரைந்தால் வீடு கிடைக்கும், சூளை போய்விடும். சந்து வளைவதற்கும் பெரும்பாலும் காரணம் இருக்கும்: பழைய வாய்க்கால், மேட்டின் சரிவு, முதலில் வந்தவர் போட்ட எல்லை. எனக்குக் கோணலான சந்தைவிட, காரணம் கேட்காமல் நேராக்கப்பட்ட சந்துதான் பயம்.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். கென்யத் தலைநகர் நைரோபியின் கிபெரா குடிசைப் பகுதியில் 10 லட்சம் பேர் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. 2009 கணக்கெடுப்பில் வந்தது சுமார் 1,70,000. அதை ஏற்காதவர்களும் உண்டு. எல்லைக்கோடு எங்கே போகிறது என்று பார்க்காமல் எந்த எண்ணையும் எடுத்தாளாதீர்கள். இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில், அரசு ஏற்கெனவே அறிவிக்காத, அங்கீகரிக்காத இடமென்றால், குறைந்தது 300 பேர், அல்லது 60-70 குடும்பங்கள் மோசமான வீடுகளில் நெருங்கி வாழ்ந்தால்தான் அது குடிசைப் பகுதி. பாலத்தடியில் இருக்கும் பத்து வீடுகள் அந்தக் கணக்கில் வராது.

கடைசியாக, தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது. கொலம்பியாவின் மெடலின் நகரில் 2004-ல் மலைக் குடியிருப்புகளை மெட்ரோ ரயிலோடு கேபிள் கார் இணைத்தது. வீடுகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. வேலைக்குப் போய்வரும் நேரம் மாறியது. மறுகுடியமர்வுக்கு இடம் பார்ப்பவர்கள் வரைபடத்தில் ஸ்கேல் வைப்பதற்கு முன், விடியற்காலை முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்கட்டும்.