வேப்பங்கொட்டைக் கரைசலை ஊற்றுவதற்கு முன்: இயற்கை முறைப் பூச்சிக் கட்டுப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021ஆம் ஆண்டில் இரசாயன உரங்களுக்கும் பீடைநாசினிகளுக்கும் இறக்குமதித் தடை வந்தபோது, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை வளவுகளில் வேப்பங்கொட்டைக் கரைசலும் அடுப்புச் சாம்பலும் உள்ளிச் சாறும் மீண்டும் பேசப்படலாயின. அவை பயன் தரக்கூடியவையே. ஆயினும், இயற்கையானதுதானே என்று அளவும் நேரமும் பாராமல் ஊற்றுவதால், பூச்சி அழியாமல் பயிர் வாடி நிற்பதைப் பல வீடுகளில் காண்கிறேன்.

முதற் தவறு, எந்தப் பூச்சி என்று பாராமலே மருந்தைக் கரைப்பதாகும். மிளகாய்க் கன்றின் இலை சுருண்டதும் எல்லோரும் ஒரே கரைசலைத் தேடுகிறார்கள். இலையோரம் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கி வளைந்து இலை ஒடுங்கியிருந்தால் சிற்றுண்ணி. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரசு பிடித்த கன்றையோ எந்தக் கரைசலாலும் மீட்க முடியாது. அதைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே மற்றக் கன்றுகளுக்குப் பாதுகாப்பு.

அதைவிடப் பெரிய இழப்பு, நமக்கு உதவும் பூச்சிகளை நாமே கொல்வதால் நேர்கிறது. பயிற்றைக் கொடியின் இளந்தளிரில், சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அழுக்கணவன் கறுப்பாக அப்பியிருக்கும்போது சற்று உற்றுப் பாருங்கள். அவற்றினிடையே சாம்பல் நிற உடலில் செம்மஞ்சள் புள்ளிகளுடன், சின்னஞ்சிறு முதலை போன்ற ஒரு புழு ஊர்ந்து திரியும். அது பொறிவண்டின் குடம்பி. அழுக்கணவன்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்பதே அதன் வேலை. தோற்றத்தைக் கண்டு அஞ்சி அதை நசுக்கிவிடுபவர்களே அதிகம். மறுபுறம், கத்தரி இலையையும் பாகல் இலையையும் சுரண்டிச் சல்லடையாக்கும் புள்ளி வண்டு ஒன்றும் உண்டு. பொறிவண்டின் முதுகு மினுமினுக்கும்; இதன் முதுகோ மெல்லிய மயிர் படர்ந்து மங்கலாக இருக்கும். இதனைக் கையால் பொறுக்கிச் சவர்க்கார நீரில் போடுவதே போதுமானது. அழுக்கணவன் உள்ள தண்டில் எறும்புகள் வரிசையாக ஏறினால் அவற்றையும் தடுக்க வேண்டும். அழுக்கணவன் சுரக்கும் இனிப்பு நீருக்காக, பொறிவண்டுகளை அவை விரட்டிவிடும்.

வேம்பின் விடயத்தில் நிகழும் தவறுகள் பல. சாறு நன்றாக இறங்கட்டும் என்று கொட்டையைக் கொதிக்க வைத்தால், அதன் செயற்படு பொருளான அசாடிராக்டின் வெப்பத்தில் சிதைந்துவிடும். ஓடு நீக்கிய பருப்பை 50 கிராம் இடித்து, துணியில் கட்டி, ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டுப் பிழிந்து வடித்து, அன்றே பயன்படுத்திவிட வேண்டும். வெயிலிலும் அது சிதைவதால் மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி விசிறுவதே முறை. கரைசல் இலையில் ஒட்டுவதற்குச் சில துளி மென்மையான சவர்க்காரக் கரைசல் போதும். ஒருமுறை நான் சலவைத்தூளைக் கரைத்து முற்பகலில் விசிறியதில், பிற்பகலுக்குள் மிளகாய் இலைகளின் ஓரம் கருகிவிட்டது. பூத்திருந்த கன்றுகளை இழந்த வருத்தம் இன்னும் உண்டு. மேலும், வேம்பு பூச்சியை உடனே கொல்வதில்லை. உண்ணவும் தோலுரிக்கவும் விடாமல் தடுக்கிறது. மறுநாளே பலன் தேடி அளவை இரட்டிப்பாக்க வேண்டாம்.

புகையிலைக் கசாயத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலுள்ள நிக்கொட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் சேரும் நஞ்சு. புகையிலை வழியாக மிளகாய்க்கும் தக்காளிக்கும் தேமல் வைரசும் தொற்றக்கூடும்.

பாகல், புடோல் காய்களில் பழ ஈ தோலைத் துளைத்து முட்டையிட்ட பின்னர் மேலே எதை விசிறினாலும் உள்ளிருக்கும் புழுவை அது எட்டாது. பிஞ்சு விரல் நீளத்தில் இருக்கும்போதே கடதாசிப் பையால் மூடிக் கட்டுங்கள். அழுகி விழுந்த காய்களைப் பந்தலின் கீழேயே விட்டுவைத்தால், புழுக்கள் நமது தளர்ந்த மணலுக்குள் எளிதில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறை ஈக்களாக வெளிவரும். ஆகவே அவற்றை அன்றன்றே பொறுக்கி, கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டிச் சில நாட்கள் கடும் வெயிலில் வைத்த பின்னரே குப்பைக் குழியில் இட வேண்டும்.